நாலு டிகிரி சாட்சி

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்று அந்தப் பெண்குரல் பதினேழாவது தடவையாகச் சொன்னது. வாலு போனின் வாயைப் பொத்திக்கொண்டு, “இவ்வளவு முக்கியம்னா எடுத்துத் தொலைய வேண்டியதுதானேக்கா?” என்றான்.

“வச்சுடாதே” என்றாள் நூலக்கா, தலை நிமிராமல்.

காலை பத்து மணி பத்து நிமிஷம். எட்டரைக்கு ஆரம்பித்த போன் இது. முதலில் சாப்ட்வேர் கம்பெனி. “எங்க புரோகிராம்ல கோளாறே கிடையாதுங்க, சென்சார்காரங்களைக் கேளுங்க” என்றது. சென்சார் கம்பெனி, “எங்க சர்வர் ஜம்முனு ஓடுது, உங்க இன்டர்நெட்டைப் பாருங்க” என்றது. இன்டர்நெட்காரன், “லைன் பச்சையாத்தானே இருக்கு, கரண்ட் ஆபீஸைக் கேளுங்க” என்றான். கரண்ட் ஆபீஸில் எடுத்தவர் மட்டும், “எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா” என்று உண்மையைச் சொல்லி வைத்துவிட்டார். நாலு பேரில் வாலுவுக்குப் பிடித்துப்போனது அவரை மட்டும்தான். சுற்றி வந்து இப்போது மறுபடியும் சென்சார் கம்பெனி வாசலில் நிற்கிறார்கள். செக்குமாட்டுக்காவது சுற்றி வந்ததற்கு எண்ணெய் மிஞ்சும்.

அந்தத் துப்பறியும் ஆபீஸ் அறையில் ஒரு மேசை, இரண்டே முக்கால் நாற்காலி. ஒரு தடயத்தைப் பிடித்தால் அது எங்கே போகிறதோ அங்கே வரைக்கும் விடாமல் போவதால் அவளுக்கு நூலக்கா என்று பெயர் வந்தது. வாயை அடக்க முடியாததால் அவனுக்கு வாலு. வயது முப்பத்து நாலு ஆகியும் அந்தப் பெயர் விடவில்லை. “நூல் இருக்கு, வால் இருக்கு, பட்டத்தைத்தான் காணோம்” என்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் தினமும் ஒரு தடவை சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். இன்று அவர் அதைச் சொன்னபோது வாலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று நாலு மணிக்கு அவனுடைய அண்ணிக்கு விசாரணை.

நடந்தது இதுதான். அண்ணி ஆஸ்பத்திரியில் தடுப்பூசி ஸ்டோர்கீப்பர். பதினோரு வருஷ சர்வீஸ். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போனாள். சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கள் காலை வந்து திறந்தால் ஊசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி வெதுவெதுவென்று கிடந்தது. கரண்ட் போய் வந்ததில் மோட்டார் நின்றது நின்றபடி. பின்பக்கத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள், ஓடியது. பிறகு குப்பிகளைப் பார்த்தாள். சூடு பட்டால் கறுத்துப்போகிற சின்னச் சதுரம் ஒன்று குப்பியின்மேல் ஒட்டியிருக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பியிலும் அது கறுத்திருந்தது. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாள்.

மேலிடம் பெட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்தது. பெட்டிக்குள் தொங்கும் சென்சார் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குளிரை அளந்து சென்சார் கம்பெனிக்கு அனுப்பும். ஸ்டோர் கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம் அதை வாங்கிக் கோடாகப் போட்டுக் காட்டும். அந்தக் கோட்டின்படி சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெட்டிக்குள் நாலு டிகிரி. பெட்டி நிற்கவே இல்லை. ஆனால் ஞாயிறு மதியம் ஒன்று பத்துக்கு மட்டும் கோடு ஏழு வரைக்கும் ஏறி இறங்கியிருந்தது; யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். அதே ஒன்று பத்துக்குத்தான் காவலாளி சாப்பிடப் போவார். சாவி அண்ணியிடம் மட்டும்தான் உண்டு.

நிர்வாக அதிகாரிக்கு இவ்வளவு போதுமாக இருந்தது. நல்ல குப்பிகளை எடுத்து வெளியே விற்றுவிட்டு, கெட்ட குப்பிகளை உள்ளே வைத்துவிட்டு, பெட்டி நின்றுபோனதாகக் கதை கட்டுகிறாள் என்று எழுதிவிட்டார். விசாரணை முடிந்தால் வேலை போகும். அதற்கப்புறம் போலீஸ்.

ஞாயிறு ஒன்று பத்துக்கு அண்ணி எங்கே இருந்தாள் என்று வாலுவுக்குத் தெரியும். அவன் இலையில் மூன்றாம் தடவையாகக் கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“அதைப் போய்ச் சொன்னேன்க்கா. ‘கொழுந்தன் சாட்சி செல்லாது’ன்னுட்டார். நான் சாப்பிட்ட அளவைப் பாத்திருந்தா நம்பியிருப்பார்.”

“உங்கள் அழைப்பு எங்களுக்கு...” என்றது போன்.

நூலக்கா எழுந்து வந்து அதை அவன் கையிலிருந்து பிடுங்கி வைத்தாள். “போன் பண்ணினா ஒருத்தனை ஒருத்தன் கையைக் காட்டிக்கிட்டே இருப்பானுங்க. கிளம்பு. கோட்டையே போய்ப் பாப்போம்.”

*

குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக்கு முன்னால் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அண்ணி அந்த விதியின் எண்ணைப் போட்டு மனு எழுதி, பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை அனுமதி வாங்கி வைத்திருந்தாள். தான் பதினோரு வருஷம் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், உட்காரவில்லை.

“வா தம்பி. சாப்பிட்டியா?”

“அண்ணி, உங்களுக்கு வேலையே போகப்போகுது...”

“அதுக்காக நீ பட்டினி கெடக்கணுமா?”

நூலக்கா நேரத்தை வீணாக்கவில்லை. “அதிகாரி எந்தத் தாளை எடுத்தார்?”

“ஞாயித்துக்கிழமைத் தாள் மட்டுந்தாங்க.”

“தேடினது கெடைச்சதும் தேடறதை நிறுத்திட்டார். எனக்கு இந்த மாசம் பூரா வேணும்.”

பிரிண்டர் முக்கி முனகி ஒவ்வொன்றாகத் துப்பியது. நடுவில் ஒரு தாள் சிக்கிக்கொண்டது. வாலு அதன் வாலைப் பிடித்து இழுத்தான், பாதிதான் வந்தது. மீதியை எடுக்க எட்டு நிமிஷம் போயிற்று. வாலு பல்லைக் கடித்தான். பன்னிரண்டு ஆகிவிட்டது.

நூலக்கா தாள்களைத் தேதி வாரியாக அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமைத் தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். அதன்மேல் சனிக்கிழமையை வைத்தாள். பின்னால் வெயில், முன்னால் இரண்டு கோடு. ஆனால் தெரிந்தது ஒரே கோடுதான்.

“வெள்ளிக்கிழமையைக் கொடு.”

அதுவும் அதே கோடு. வியாழன், புதன், செவ்வாய், ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள் கனத்துக்கொண்டே போயிற்று, கோடு மட்டும் இம்மி பிசகவில்லை. ஒன்பதேகாலுக்கு ஒரு ஏற்றம், ஒன்று பத்துக்குப் பெரிய ஏற்றம், நாலு இருபதுக்குச் சின்னதாக ஒன்று. பதினோராம் தேதியிலிருந்து நேற்று வரை இதேதான். பத்தாம் தேதித் தாளை வைத்ததும் கோடு கலைந்தது.

“ஒண்ணு பத்துக்குக் கதவைத் திறந்த திருடன், பன்னெண்டு நாளா விடாம திறக்கிறான்” என்றான் வாலு. “லீவு நாள்லகூட ஓவர்டைம் பாக்கிறான். இவ்வளவு ஒழுங்கான ஆளை நீங்க வேலைக்கே வச்சுக்கலாம் அண்ணி.”

அண்ணி சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, உள்ளே கொக்கியில் தொங்கிய சென்சாரைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். தீப்பெட்டி அளவு, ஓரத்தில் பச்சை விளக்கு மினுக்கியது. “இது ஓடுதான்னு பாரு” என்றாள்.

வாலு அதைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு, காய்ச்சல் பார்க்க வந்த நோயாளி போல ஸ்டூலில் உட்கார்ந்தான். மூன்று பேரும் ஸ்கிரீனையே பார்த்தார்கள். பன்னிரண்டேகாலுக்குப் புது அளவு விழுந்தது.

4.1.

“அக்கா” என்றான் வாலு, “நான் செத்துப்போய் ரொம்ப நேரம் ஆச்சு போலிருக்கு.”

அண்ணியின் முகம் சிவந்தது. “தினமும் காலைல வந்து இதைப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டேன்! நாலு நாலுன்னு... இது யாரோட நாலு?”

“அதுதான் கேள்வி” என்றாள் நூலக்கா. “பொய்யா எழுதினவன் நேர்கோடு போட்டிருப்பான். இது நெஜமா ஒரு பெட்டியில எடுத்தது. எங்கேயோ ஒரு பெட்டி இருக்கு. அது எங்கே?”

வாலு கோட்டைப் பார்த்தான். பசி வந்த கண்ணுக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் தெரியும்.

“அக்கா, ஒம்பதேகாலுக்கு உள்ள வைக்கறாங்க. ஒண்ணு பத்துக்கு எல்லாரும் மொத்தமா வந்து எடுக்கறாங்க, அதான் ஏழு வரைக்கும் ஏறுது. நாலு இருபதுக்கு யாரோ ஒருத்தர் டீக்குப் பால் எடுக்கறார். சாயங்காலத்துக்கு அப்புறம் காலைல வரைக்கும் ஈ, காக்கா இல்ல.” சென்சாரைக் கக்கத்திலிருந்து உருவினான். “இது மருந்துப் பெட்டி இல்லக்கா. டிபன் பாக்ஸ் வைக்கிற பெட்டி. ஏதோ ஒரு ஆபீஸ்.”

நூலக்கா ஏற்கனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “காலைல முதல்ல, ‘எங்க புரோகிராம்ல கோளாறே கிடையாது’ன்னு சொன்னவன் ஆபீஸ் எங்க இருக்கு?”

“மூணு தெரு தள்ளி.”

“ஒண்ணு பத்துக்கு அங்க இருக்கணும்.”

*

சாப்ட்வேர் கம்பெனி மூன்றாம் மாடியில் இருந்தது. லிப்டில், “பழுது, விரைவில் சரியாகும்” என்று ஒரு காகிதம். அந்தக் காகிதமே மஞ்சளாகிப் போயிருந்தது. ஏறி முடிக்கும்போது ஒன்று ஆறு.

வரவேற்பு மேசைப் பெண், “அப்பாயின்ட்மென்ட் இருக்கா?” என்றாள்.

“இருக்கும்மா, உங்க பிரிட்ஜோட” என்றான் வாலு.

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கலைந்த முகம். “காலைலயே சொன்னேனே. எங்க புரோகிராம்...”

“கோளாறே கிடையாது. தெரியும். நாலு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போயிடறோம்” என்றாள் நூலக்கா.

ஹாலில் இருபது பேர், இருபது ஸ்கிரீன், தட்தட்டென்று கீபோர்டுகளின் சத்தம். சுவர்க் கடிகாரம் ஒன்று பத்து காட்டியது. யாரும் மணி அடிக்கவில்லை. சக்கர நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் உருண்டன. இருபது பேரும் எழுந்து மூலைக்குப் போய் வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் பிரிட்ஜ் கதவைத் திறந்தார். கடைசி ஆள் டப்பாவை எடுக்கும் வரைக்கும் கதவு மூடவே இல்லை.

வாலு எட்டிப் பார்த்தான். மேல்தட்டுக் கம்பியில் வெள்ளைக் கொக்கி ஒன்று வெறுமனே தொங்கியது. ஸ்டோரில் சென்சார் மாட்டியிருந்தது மாதிரியே இருந்தது.

“அக்கா, ஞாயித்துக்கிழமைத் திருடன் கெடைச்சுட்டான். மொத்தம் இருபது பேர். கையும் டப்பாவுமா.”

வரிசையின் கடைசியில் நின்ற தாடிக்காரர் அந்தக் கொக்கியைப் பார்த்தார், பிறகு நூலக்கா கையிலிருந்த தாளைப் பார்த்தார். டப்பாவைத் திறக்காமலே மேசையில் வைத்தார்.

“இது நான் எடுத்தது” என்றார்.

முதலாளி, “நீ பேசாத” என்றார்.

“இல்ல சார், பேசறேன். பேசலைன்னா சோறு எறங்காது.” தாடி நூலக்காவின் பக்கம் திரும்பினார். “நாங்க கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கறது வெறும் புரோகிராம்தாங்க. அளவு வர்றது சென்சார் கம்பெனி சர்வர்லேருந்து. நம்ம புரோகிராம் அவங்களைக் கேக்கும், அவங்க பதில் குடுப்பாங்க. புரோகிராம் செய்யற காலத்துல அவங்க சர்வர் வாரத்துல பாதி நாள் படுத்துக்கும். மூணு மாசத்துல கேக்கற முறையை நாலு தடவை மாத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் நான் முதல்லேருந்து. பதில் வராம மத்த வேலை எதையும் ஓட்டிப் பாக்க முடியல. வெறுத்துப்போய் ஒருநாள் சென்சாரை எங்க பிரிட்ஜ்ல மாட்டி, முழுநாள் அளவையும் எடுத்து வச்சுக்கிட்டேன். அவங்க பதில் வராதப்ப, இந்த அளவை அந்தந்த நேரத்துக்கு எடுத்துப் போடு. நம்ம வேலை நடக்கட்டும்னு.”

“வேலை முடிஞ்சதும் எடுத்திருக்கணுமே?”

“எடுத்திருக்கணும்.” தாடி மறைக்கவில்லை. “புது ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போறப்ப லைன் இல்லைன்னா ஸ்கிரீன் வெறிச்சுனு இருக்குமேன்னு இருக்க விட்டாங்க.”

“பதினோராம் தேதி என்ன ஆச்சு?”

“சென்சார் கம்பெனி அவங்க சர்வரோட பழைய முகவரியை மூடிட்டாங்க. நம்ம புரோகிராம் இன்னும் அங்கேயே கேட்டுக்கிட்டிருக்கு. ஒரு மாசம் முன்னாடியே கடிதம் அனுப்பியிருக்காங்க. எங்ககிட்ட வேலையை விட்டுப் போனவரோட இமெயிலுக்கு. அதை யாரும் திறக்கறதில்ல. நீங்க காலைல போன் பண்ணினப்புறம்தான் நான் போய்த் தேடினேன்.”

“வாழ்க!” என்றான் வாலு. “ஒருத்தன் கடை மாறிட்டேன்னு காலி வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்கான். எங்க அண்ணி ஜெயிலுக்குப் போறாங்க.”

நூலக்காவின் குரல் உயரவில்லை. ஆனால் வாலுவுக்கு அந்தத் தொனி தெரியும். இரண்டு வருஷத்தில் மூன்று தடவைதான் கேட்டிருக்கிறான். “பதில் வரலைன்னா, வரலைன்னு ஸ்கிரீன்ல சொல்லலாமே. அதுக்கு என்ன கேடு?”

“சொன்னேங்க. மாதிரி அளவு ஓடறப்ப, ஸ்கிரீன் மூலைல ‘மாதிரி’ன்னு ஒரு வார்த்தை வரும். நானே போட்டேன்.”

“நான் பாத்த ஸ்கிரீன்ல இல்லையே.”

தாடி முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை.

தாடி தன் மேசைக்குப் போய் ஒரு தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நூலக்கா படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

“என்னக்கா அது?”

“நாலு மணிக்கு.” முதலாளியிடம் திரும்பினாள். “நீங்களும் வரணும்.”

“எனக்கு ஒரு மீட்டிங்...”

“ஆமா, நாலு மணிக்கு.”

*

விசாரணை அறையில் நிர்வாக அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிமேல் பைல், பைல்மேல் பேனா, எல்லாம் ஒரு கோட்டில். எதிரே தனியாக ஒரு நாற்காலி, அதில் அண்ணி. சுவரோரம் முதலாளி, தாடி. கதவருகே வாலு; விரலை நொடித்துக்கொண்டே இருந்தான்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா” என்று ஆரம்பித்தார் அதிகாரி.

“சொல்லாது சார். சொல்லிக் குடுத்ததைச் சொல்லும்” என்றாள் நூலக்கா. பன்னிரண்டு தாளையும் ஜன்னலில் பிடித்துக் காட்டினாள். தாடி எழுந்து நின்று மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். “அந்த ரெண்டு நாளும் உங்க பெட்டி எப்படி இருந்துச்சுன்னு இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது சார். தெரிஞ்ச ஒரே ஆள் திங்கக்கிழமை கதவைத் திறந்து கை வச்சுப் பாத்தவங்க. பாத்ததை அப்படியே எழுதியும் குடுத்திருக்காங்க.”

அதிகாரி தாள்களைப் பார்த்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. வேறு ஆள் அகப்பட்டுவிட்டான். முதலாளியை நோக்கி விரலை நீட்டினார். “அநியாயம்! ஊசி மருந்து சமாச்சாரத்துல இப்படி ஒரு ஏமாத்து! உங்க கம்பெனி மேல இன்னிக்கே வழக்குப் போடறேன்.”

வாலு மூச்சு விட்டான். முடிந்தது என்று நினைத்தான். நூலக்கா உட்காரவில்லை. பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதையும் பைல்ல சேத்துக்குங்க சார். கொஞ்சம் சத்தமாப் படிச்சீங்கன்னா எல்லாருக்கும் கேக்கும்.”

அதிகாரி பிரித்தார். “‘தங்கள் மென்பொருளின் திரை மூலையில் மாதிரி என்ற சொல் அவ்வப்போது தோன்றுகிறது. வரும் வாரம் ஆய்வுக்குழு வரவிருப்பதால், கேள்விக்கு இடமளிக்கும் அச்சொல்லை உடனடியாக நீக்கித் தர...’” குரல் தேய்ந்து நின்றது.

“கீழ இருக்கறதையும் படிங்க சார்” என்றாள் அண்ணி. பதினோரு வருஷத்தில் அவருக்கு அவள் போட்ட முதல் உத்தரவு போல இருந்தது அது.

அவர் படிக்கவில்லை. தன் பெயரையும் பதவியையும் ஒருவர் எத்தனை தடவைதான் படிப்பார்.

“மாதிரி அளவை எடுக்கச் சொல்லல, வார்த்தையைத்தான் எடுக்கச் சொன்னார்” என்று முதலாளி தரையைப் பார்த்துச் சொன்னார். “எடுத்துக் குடுத்துட்டோம்.”

அதிகாரி பேனா மூடியைத் திருகினார். “சரிம்மா... நடந்தது நடந்துபோச்சு. உங்க மேல தப்பில்லை. நாளைலேருந்து டியூட்டிக்கு வாங்க. நான் எழுதிடறேன்.”

“இப்பவே எழுதுங்க சார். இருக்கேன்.”

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். வாலு சீட்டியடிக்க வாயைக் குவித்தான். அண்ணி தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்து, மடித்துப் பையில் வைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைத் தாடியின் பக்கம் திருப்பினாள்.

“தம்பி, பழைய முகவரியை மூடிட்டாங்கன்னீங்களே. அது எங்க ஸ்டோருக்கு மட்டுமா?”

தாடி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இந்த புரோகிராம் இன்னும் எத்தனை ஸ்டோர்ல ஓடுது?”

“நாப்பத்தோரு எடம்” என்றார் முதலாளி, மெதுவாக.

“எல்லாத்துலயும் அந்த வார்த்தையை எடுத்தாச்சா?”

“ஒரே புரோகிராம்தானேம்மா. ஒரு எடத்துல எடுத்தா எல்லாத்துலயும்...”

வாலுவின் வாயிலிருந்த சீட்டி உள்ளேயே போயிற்று. நாற்பத்தோரு ஊழியர்கள் காலையில் வந்து, இருபது பேருடைய டிபன் பாக்ஸைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“பதட்டப்பட வேண்டாம்” என்றார் அதிகாரி. “முறைப்படி நாளைக்கு ஒரு சுற்றறிக்கை தயார் பண்ணி, மேலிடத்து ஒப்புதல் வாங்கி...”

அண்ணி மேசைமேல் கையை நீட்டி, அதிகாரியின் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பைல் நகர்ந்தது, பேனா உருண்டு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

“தம்பி, நம்பரை வாசிங்க.”

தாடி வாசித்தார். முதல் இடத்தில் உடனே எடுத்தார்கள்.

“நானும் ஒரு ஸ்டோர்கீப்பர்தான் பேசறேன். ஸ்கிரீனைப் பாக்காதீங்க. எழுந்து போய்ப் பெட்டிக்குள்ள கையை வச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. லைன்லயே இருக்கேன்... சில்லுன்னு இருக்கா? நல்லது. ஒரு தெர்மாமீட்டரை உள்ள போட்டு வைங்க, இனிமே அதைப் பாருங்க.” அடுத்தது. அங்கும் சில்லென்றுதான் இருந்தது.

மூன்றாவது இடத்தில் எடுத்தது ஒரு இளம்பெண் குரல். பின்னணியில் குழந்தைகள் அழும் சத்தம் அறை முழுவதும் கேட்டது. அந்தப் பெண் போனை வைத்துவிட்டுப் போனாள். நடக்கும் ஓசை. கதவு திறக்கும் ஓசை. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

குரல் திரும்பி வந்தபோது அது நடுங்கியது. என்ன சொன்னது என்று வாலுவுக்குக் கேட்கவில்லை. அண்ணியின் முகத்தில் தெரிந்தது.

“அழாதேம்மா. உன் தப்பில்ல, அதை நான் யார்கிட்டயும் வந்து சொல்றேன்” என்றாள் அண்ணி. “இப்ப கையில இருக்கற ஊசியைக் கீழ வை. வரிசைல நிக்கற குழந்தைகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பு.”